கோதாவின் இடது பக்கம்

டன்லப் ஸ்திரீட், சிங்கப்பூர்
18 பிப்ரவரி 1908

மாப்பிள்ளை கோவிந்தசாமிக்கு யாக்கூப் எழுதுவது.

என் வீட்டிலிருந்து உன் மாட்டுக் கொட்டடிக்கு ஒரு வெற்றிலை மென்று முடிப்பதற்குள் நடந்து வந்துவிடலாம். அப்படியிருந்தும் காகிதம் எடுத்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அத்தனை பேர் முன்னால் "போங்க மாமா, போய் தொரை காலை அமுக்குங்க" என்று சொன்னாயே, அது இன்னும் காதில் நிற்கிறது. நேரில் வந்தால் நானும் ஏதாவது சொல்லிவிடுவேன். பால் ஊற்ற வருகிறவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நாலு வருஷமாகப் பார்க்கிறேன். கோதாவில் இறங்குகிற பயில்வான் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நெற்றியில் தொட்டுக்கொள்வான். பிறகு கிழக்கே போட்டிருக்கிற நாற்காலிக்கு நேராகப் போய் சலாம் வைப்பான். அந்த நாற்காலியில் எங்கள் கம்பெனித் துரை உட்கார்ந்திருப்பார். மைதானத்துக்கு அனுமதி வாங்கித் தருகிறவரும் அவர், ஜெயித்தவனுக்கு வெள்ளிப் பதக்கம் குத்துகிறவரும் அவர். அன்று நீயும் மண்ணைத் தொட்டாய், நாற்காலி வரைக்கும் நடந்தாய், திரும்பி நின்று அவருக்கு முதுகைக் காட்டினாய். எதிரே புல்லில் உட்கார்ந்திருந்த கூலி ஆட்களுக்குச் சலாம் வைத்தாய். அது போதாதென்று ஜோகூர் எஸ்டேட்டில் ஆட்கள் எப்படிச் சாகிறார்கள் என்று பிரசங்கம் வேறு. துரை எழுந்து போன பிறகுதான் குஸ்தியே ஆரம்பமானது.

நான் ஆறு நாள் ஆபீசில் கிராணியாகக் குனிந்து கணக்கு எழுதுகிறவன். ஏழாம் நாள் ஒரு மனிதன் இன்னொரு மனிதனை நேருக்கு நேர் பிடித்து மல்லாத்துவதைப் பார்க்க வருகிறேன். அங்கே துரையும் இல்லை, கிராணியும் இல்லை, உடம்பும் பிடியும்தான். ஒரு மணி நேரம் நான் யாருக்கு வேலை செய்கிறேன் என்பதே எனக்கு மறந்திருக்கும். அந்த ஒரு மணி நேரத்திலும் ராஜாங்க விவகாரத்தைக் கொண்டு வந்து போட்டாய். எனக்கு அதில் வருத்தம், கோபமும்கூட.

இனி நான் குஸ்தி பார்க்க வரப்போவதில்லை. நீ கூட்டம் போடுவதை விட்டால் சொல்லி அனுப்பு.

யாக்கூப்


மாட்டுக் கொட்டடி, தேக்கா
20 பிப்ரவரி

மாமாவுக்கு கோவிந்தசாமி.

கடிதம் வந்தது. பால்காரர் அதைச் செம்பின் மேல் மூடியாக வைத்துக் கொண்டு வந்தார். பாதி எழுத்து பாலில் ஊறிவிட்டது, மீதியிலேயே எனக்கு வேண்டிய அளவு திட்டு இருந்தது.

துரை காலைப் பற்றி நான் சொன்னது தப்புதான். வீட்டில் ஹலீமா அக்காளிடமும் அப்படியே சொல்லுங்கள். ஆனால் குஸ்தியில் ராஜாங்கம் வரக்கூடாது என்கிறீர்களே, அது எனக்குப் புரியவில்லை. நாற்காலிக்குச் சலாம் வைத்தால் அது ராஜாங்கம் இல்லையா? நாலு வருஷம் குனிந்து குனிந்து வைத்தேன். அப்போதெல்லாம் நீங்கள் முதல் வரிசையில் நின்று கை தட்டினீர்கள். முதுகைக் காட்டினதும்தான் உங்களுக்கு ராஜாங்கம் தெரிகிறது.

சரி, அது கிடக்கட்டும். நீங்கள் வராவிட்டால் என் இடது பக்கத்துக்கு யார்?

இதை எழுதுவது ஆபத்து, படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். காளை கொம்பால் இடித்த நாளில் என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனது நீங்கள்தான். பார்க்கிறவர்களுக்கு என் இடது கண் நன்றாகத்தான் இருக்கிறது. அதில் வெளிச்சம் கூட இல்லை என்பது எனக்கும் உங்களுக்கும் அந்த டாக்டருக்கும்தான் தெரியும். எவனாவது பயில்வான் காதில் விழுந்தால் அந்தப் பக்கமாகவே வந்து என்னை முடித்துவிடுவான். அதனால்தானே நீங்கள் கோதாவின் இடது பக்கம் நின்று, எதிராளி அந்தப் பக்கம் நுழையும் போதெல்லாம் "நாகூர் ஆண்டவரே" என்று கூப்பாடு போடுகிறீர்கள். சனங்கள் என்னடாவென்றால், "யாக்கூப் பாய்க்கு எம்புட்டு பக்தி லா" என்று மெச்சுகிறார்கள். நானும் நாலு வருஷமாகச் சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்புகிறேன்.

நீங்கள் குஸ்தி மட்டும் பார்க்க வந்தவர் என்றால் போங்கள், தடுக்கவில்லை. நீங்கள் அப்படி இல்லை என்று நான் நினைத்திருந்தேன்.

கோவிந்தசாமி


டன்லப் ஸ்திரீட்
25 பிப்ரவரி

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை அடுப்பில் போட்டாயிற்று. ஹலீமா "தம்பி என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள். "மன்னிப்பு கேட்டிருக்கான்" என்றேன். "அப்ப போய்ப் பாக்க வேண்டியதுதானே" என்றாள். காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று ஆபீசில் எங்கள் பெரிய கிராணி பாலகிருஷ்ணன் எல்லாரையும் நிற்க வைத்து ஓர் உத்தரவு வாசித்தார். கோவிந்தசாமி பயில்வான் இறங்குகிற எந்த கோதாவுக்கும் கம்பெனி ஆட்கள் போகக்கூடாது. போனதாகத் தெரிந்தால் அன்றே சீட்டுக் கிழியும். வாசித்து முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து, "யாக்கூப், நீதான் அங்கே ஆண்டவரைக் கூப்பிடுறவன், ஒனக்குத்தான் மொதல்ல சொல்றேன்" என்றார். மனிதர் கெட்டவர் இல்லை. அவருக்கும் ஐந்து பிள்ளைகள்.

ஹலீமாவுக்கு இது ஏழாம் மாதம். போன தடவை பிள்ளை தங்காமல் போனது உனக்குத் தெரியும். இந்த நேரத்தில் வேலையை விட்டுவிட்டு நான் வேறு எங்கே போய் நிற்பேன்? போன கடிதத்தில் ஞாயம் பேசினேன். அந்த ஞாயத்தை இப்போதும் நம்புகிறேன். ஆனால் அதற்கு அடியில் பயமும் இருக்கிறது, அதையும் எழுதிவிட்டேன்.

நம்பிக்கையான ஆள் ஒருவரிடம் கண்ணைப் பற்றிச் சொல்லி இடது பக்கம் நிறுத்து. கோபத்தில் சும்மா இருந்துவிடாதே.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். நாலு வருஷம் வைத்த சலாம் திடீரென்று அந்த ஞாயிற்றுக்கிழமை ஏன் கசந்தது?

யாக்கூப்


தேக்கா
1 மார்ச்

மாமாவுக்கு,

கேட்டீர்கள், சொல்கிறேன்.

பிப்ரவரி மாத ஆரம்பத்தில் ஒருவன் கொட்டடி வைக்கோலில் ஒளிந்திருந்தான். ஜோகூர் எஸ்டேட்டிலிருந்து ஓடி வந்த ஒப்பந்தக் கூலி. காலெல்லாம் புண், கண் உள்ளே போய்க் கிடந்தது. கஞ்சி கொடுத்தேன். ஊர் எது என்று கேட்டான். நாகப்பட்டணம் என்றேன். "எங்க லயத்துலயும் ஒரு நாகப்பட்டணத்துப் பையன் இருந்தான்" என்றான். "அவங்க அண்ணன் சிங்கப்பூர்ல பெரிய பயில்வான்னு சொல்லிக்கிட்டே இருப்பான். நாங்க யாரும் நம்பலை."

மாமா, என் தம்பி தங்கராஜு கப்பலேறியதே எனக்குத் தெரியாது. அம்மா கடிதம் போடவில்லை. என்னிடம் வரப்போவதாக அவளிடம் சொல்லிவிட்டு கூலிக்கு ஆள் பிடிக்கிற டிப்போவில் கைநாட்டு வைத்திருக்கிறான். சிங்கப்பூர் என்று சொல்லி ஏற்றி, அக்கரை ஜோகூருக்குக் கொண்டு போய்விட்டார்கள். என்னைப் பார்க்க ஒரு நாள் விடும்படி கேட்டிருக்கிறான். விடவில்லை. வயிற்றுப்போக்கு வந்து இரண்டு வாரம் கிடந்திருக்கிறான். காய்ச்சலோடு பால்மரம் வெட்டப் போகச் சொன்னார்களாம். மரத்தடியிலேயே போய்விட்டான். போன வருஷம் தீபாவளிக்கு முன்னால்.

அந்த எஸ்டேட் உங்கள் துரையுடையது. தீபாவளி கழிந்த ஞாயிறு அவர் கையால் நான் பதக்கம் வாங்கினேன். நீங்களும் பக்கத்தில் இருந்தீர்கள். குனிந்து சலாம் வைத்துச் சிரித்துக்கொண்டு வாங்கினேன். அப்போது தம்பி செத்து மாதம்கூட ஆகவில்லை.

அந்தக் கையை எனக்கு இப்போது எதைக் கொண்டு கழுவுவதென்று தெரியவில்லை.

அடிக்கத்தான் முதலில் நினைத்தேன். அடித்தால் தூக்கில் போடுவார்கள், எஸ்டேட்டில் ஒன்றும் மாறாது. எனக்குத் தெரிந்த இடம் கோதா ஒன்றுதான். என் பேச்சை நாலு பேர் கேட்கிற இடமும் அதுதான். அங்கே பேசாமல் நான் எங்கே போய்ப் பேச?

ஒன்று கேட்டுவிடுகிறேன். உங்கள் ஆபீசுக்கு அந்த எஸ்டேட் சமாசாரம் எல்லாம் வருமே. உங்களுக்குத் தெரியுமா?

கோவிந்தசாமி


டன்லப் ஸ்திரீட்
4 மார்ச்

மாப்பிள்ளை,

தெரியாது. அல்லாஹ் அறிய எனக்குத் தெரியாது. எங்களுக்கு ரப்பர்தான் வரும், மனிதர்களின் பெயர் வராது. ஆனால் நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அதை மறைக்க மாட்டேன்.

உன் கடிதத்தை ஹலீமாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அன்று சோறு வைக்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. தங்கராஜுவை நான் பார்த்ததில்லை, இருந்தாலும் பள்ளியில் அவனுக்காகத் துஆ கேட்டேன். வேற்று மதத்துப் பிள்ளைக்குக் கேட்கலாமா என்று யாரிடமும் விசாரிக்கவில்லை.

நேற்று இருட்டியபின் கொட்டடி வாசல் வரைக்கும் வந்தேன். உள்ளே விளக்கு எரிந்தது. நிறைய ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள், எல்லாம் எனக்குத் தெரியாத குரல்கள். திரும்பிவிட்டேன்.

உன் பேச்சு தப்பு என்று இனி நான் எழுத மாட்டேன். பக்கத்தில் வந்து நிற்கும் தைரியம்தான் எனக்கு இல்லை.

யாக்கூப்


டன்லப் ஸ்திரீட்
24 மார்ச்

மாப்பிள்ளைக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பால்காரரைக் கேட்டால், "பயில்வானுக்கு இப்ப நிக்க நேரமில்லை" என்கிறார்.

ஏப்ரல் 5ஆம் தேதி லாகூர் பயில்வானோடு உனக்கு ஜோடி போட்டிருப்பதாகத் தெருவெல்லாம் பேச்சு. மைதானத்துக்கு அனுமதி போய்விட்டது, அதனால் செங்கல் காளவாய்த் திடலில் நடக்கும் என்கிறார்கள். தஞ்சோங் பகார் கப்பல் துறை ஆட்கள் டிராம் ஏறி வரப்போகிறார்களாம். சந்தோஷம். ஆனால் மாப்பிள்ளை, இவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் குஸ்தி பார்க்க வருகிறவர்கள் இல்லை. உன்னைப் பார்க்க வருகிறவர்கள்.

போன ஞாயிறு காளவாய்க்குப் பின்னால் இருக்கிற சந்தில் நின்றேன். உத்தரவை மீறவில்லை, பார்க்கவில்லை, கேட்டேன். சத்தத்தை வைத்தே குஸ்தி எப்படிப் போகிறது என்று சொல்லிவிடுவேன், அத்தனை வருஷப் பழக்கம். அன்று ஒன்றும் பிடிபடவில்லை. எவன் பிடி போடுகிறான், எவன் நழுவுகிறான் என்று பார்க்காமல் நெடுக "ஜே" போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதைவிட மோசமான ஒன்றும் காதில் விழுந்தது. நூறு பேர் சேர்ந்து "நாகூர் ஆண்டவரே" என்று கத்துகிறார்கள். நான் கத்தினால் நீ ஜெயிக்கிறாய், ஆகவே அது ராசியான கூப்பாடு என்று பிடித்துக்கொண்டார்கள். இடதுமில்லை வலதுமில்லை, தோன்றின போதெல்லாம் கூப்பிடுகிறார்கள்.

இனி யாரை இடது பக்கம் நிறுத்தினாலும் அவன் குரலை நீ எப்படிப் பிரித்துக் கேட்பாய்? லாகூர்க்காரன் யானை. அவன் ஒரு தடவை உள்ளே நுழைந்தால் போதும். இந்த ஜோடியைத் தள்ளிப் போடு. பேசுவதென்றால் மேடை போட்டுப் பேசு, நானே வந்து பின்னால் நின்று கேட்கிறேன். ஒற்றைக் கண்ணோடு அந்தக் கூட்டத்தின் நடுவில் இறங்காதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

யாக்கூப்


தேக்கா
27 மார்ச்

மாமாவுக்கு,

மேடை போட்டுப் பேச நான் என்ன வக்கீலா? கோதாவில் ஜெயிக்கிறவன் என்பதால்தான் என் பேச்சுக்கு ஆள் வருகிறது. இந்த ஜோடியைத் தள்ளினால், துரைக்குப் பயந்துவிட்டான் என்பார்கள். என் தம்பி பெயரை அப்புறம் எவன் காதில் வாங்குவான்?

கூட்டத்துக்குக் குஸ்தி தெரியாது என்கிறீர்கள். குஸ்தி தெரிந்தவர்கள் எல்லாம் சந்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறீர்கள். தெரியாதவர்கள்தான் முன்னால் வந்து உட்காருகிறார்கள்.

எனக்கு யாரும் இடது பக்கம் வேண்டாம். நீங்கள் வராதீர்கள். மனசு கேட்காமல் வந்துவிட்டாலும் வாயைத் திறக்காதீர்கள். உங்களுக்கு வேலை போனால் அந்தப் பாவமும் எனக்கு வேண்டாம்.

கோவிந்தசாமி


டன்லப் ஸ்திரீட்
10 மே

மாப்பிள்ளை கோவிந்தசாமிக்கு, நாகப்பட்டணம்.

ஆஸ்பத்திரிக்கு எத்தனை தடவை வந்தேன் என்று உனக்குச் சொன்னார்களோ என்னவோ. "அவர் யாரையும் உள்ள விட வேணாம்னு சொல்லிட்டார் பாய்" என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். கடைசியாக வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. போலீஸ்காரர்கள் வந்து தூக்குக் கட்டிலோடு நாகப்பட்டணத்துக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். இனி இந்த ஊரில் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவாம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாத மனிதனுக்கு அந்த உத்தரவை எதற்குக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. உன் விலாசத்தை அன்னம்மாவிடம் வாங்கினேன். கொட்டடிக்குப் புல் கொண்டு வருகிற அன்னம்மாதான்.

நீ என்னைப் பார்க்க மறுத்தது சரி. அன்று குஸ்திக்கு நான் வரவில்லை என்று நினைத்திருப்பாய். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் வந்தேன், மாப்பிள்ளை. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, கூட்டத்தை இடித்து நெருக்கி, இடது பக்கம் கயிறு வரைக்கும் வந்து நின்றேன். நீ மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்ததைப் பார்த்தேன். மெலிந்திருந்தாய். ரொம்ப நேரம் நன்றாகத்தான் ஆடினாய், இரண்டு தடவை லாகூர்க்காரனை முட்டி போட வைத்தாய். அப்புறம் அவன் சுற்றி வர ஆரம்பித்தான். உன் இடது தோளுக்குப் பின்னால் அவன் கை போவதை நான் பார்த்தேன். துண்டை எடுத்து எறிந்துவிட்டு என் தொண்டையில் இருந்த அத்தனையையும் போட்டுக் கூப்பிட்டேன். அதே நேரத்தில் சுற்றிலும் அத்தனை பேரும் அதே பெயரைக் கூப்பிட்டார்கள். பக்கத்தில் ஒருவன் மகிழ்ச்சியில் என் முதுகில் தட்டினான். நீ திரும்பவில்லை. அவன் உன்னைத் தூக்கியதும் நீ தலைகீழாக வந்து விழுந்ததும் என் கண்ணிலேயே நிற்கின்றன. ஒரு நிமிஷம் அவர்களுக்கு என்ன நடந்ததென்றே தெரியவில்லை, அப்போதும் ஜே போட்டுக்கொண்டிருந்தார்கள்.

என் குரல் பற்றவில்லை. நான் முதலிலிருந்தே வந்து நின்றிருந்தால் அந்தக் கூப்பாடு என் ஒருவனிடமே இருந்திருக்கும். நான் விட்டுவிட்டுப் போன இடத்தில்தான் நூறு பேர் வந்து அதை எடுத்துக்கொண்டார்கள்.

துண்டை எறிந்ததில் என்னை யாரோ பார்த்து ஆபீசில் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை சீட்டுக் கிழிந்தது. இப்போது ஹலீமாவின் அண்ணன் காதர் மைதீன் கடையில் அரிசி நிறுக்கிறேன். பெண் பிள்ளை பிறந்திருக்கிறது, தாயும் பிள்ளையும் நலம். இதையெல்லாம் உன் மேல் பழியாக எழுதவில்லை. கேட்கிறவர்கள் இல்லாததால் எழுதுகிறேன்.

பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. படித்ததாக மட்டும் யாரிடமாவது சொல்லி அனுப்பு.

யாக்கூப்


நாகப்பட்டணம்
9 ஜூன் 1908

மாமாவுக்கு கோவிந்தசாமி எழுதுவது.

மல்லாந்து படுத்து, நெஞ்சின் மேல் பலகை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். கை நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு இப்போது கை மட்டும்தான் பயில்வான்.

பெண் பிள்ளை பிறந்ததில் ரொம்ப சந்தோஷம். ஹலீமா அக்காளிடம் சொல்லுங்கள். அம்மா உங்கள் பிள்ளைக்குத் திருஷ்டி கழிக்கச் சொன்னாள். தங்கராஜு சமாசாரத்தை அவளிடம் சொல்லிவிட்டேன். என்னையும் இப்படிப் பார்க்கிறாள். ஒரு சொல் குறைசொல்லவில்லை. புரட்டிப் படுக்க வைக்கும்போது மட்டும் முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொள்கிறாள்.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். அப்படியே விட்டுவிடலாம் என்றும் பார்த்தேன். கூட்டம் போட்ட சத்தத்தில் கேட்கவில்லை என்று நீங்கள் நினைத்துக்கொண்டால் நல்லதுதானே, எனக்கும் கௌரவம். ஆனால் குரல் பற்றவில்லை, குரல் பற்றவில்லை என்று ஆயுசு முழுக்க நீங்கள் நெஞ்சில் குத்திக்கொள்வீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

கேட்டது மாமா.

ஆயிரம் பேர் கத்தினாலும் உங்கள் குரல் எனக்குத் தெரியாமல் போகுமா? முதல் எழுத்திலேயே தெரிந்தது. வந்துவிட்டார் மனுஷன் என்று உள்ளே குளிர்ந்தது. அடுத்த நொடியே ஒரு ரோஷம். வாயைத் திறக்காதே என்று எழுதினேனே, திறந்துவிட்டாரே. இப்போது திரும்பினால் அவர் சொன்னதெல்லாம் சரி, இந்தக் கூட்டம் எனக்கு ஆகாது, ஒற்றைக் கண்ணன் இறங்கியது தப்பு என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். நீங்கள் இல்லாமலும் என்னால் முடியும் என்று காட்ட ஆசைப்பட்டேன். திரும்பாமல் நின்றேன். ஒரே ஒரு நொடிதான்.

ஆஸ்பத்திரியில் உங்களை உள்ளே விட வேண்டாம் என்றது கோபத்தில் இல்லை. இதை முகத்துக்கு நேரே சொல்ல வெட்கமாக இருந்தது.

நாற்காலிக்கு முதுகைக் காட்டியதற்கு நான் வருத்தப்படவில்லை. இன்னொரு தடவை எழுந்து நடக்க முடிந்தாலும் அதைத்தான் செய்வேன். உங்களுக்கு முதுகைக் காட்டினேனே, அதுதான் மாமா தாங்கவில்லை.

அங்கே இப்போது ஞாயிற்றுக்கிழமை குஸ்தி நடக்கிறதா? நீங்கள் போகிறீர்களா? போனால் எழுதுங்கள். யார் யாரைப் பிடித்தான் என்று விவரமாக எழுதுங்கள், நான் கண்ணை மூடிப் பார்த்துக்கொள்வேன்.

கோவிந்தசாமி


டன்லப் ஸ்திரீட்
12 ஜூலை 1908

மாப்பிள்ளைக்கு யாக்கூப்.

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. கடையில் அரிசி நிறுக்கும்போது தராசைப் பார்க்காமல் நிற்கிறேன் என்று காதர் மைதீன் மச்சான் திட்டுகிறார்.

இத்தனை நாளும் அந்தக் கூட்டத்தின் மேல் கோபமாக இருந்தேன். அது எனக்கு ஒரு பிடிமானம். ஜே போட்டவர்களை, என் முதுகில் தட்டியவனை மனசுக்குள் வைத்துத் திட்டிக்கொண்டே தூங்கிவிடுவேன். நீ அதையும் பிடுங்கிக்கொண்டாய். ஆனாலும் சொன்னதற்கு நன்றி. கேட்டது என்ற அந்த ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். சந்தோஷமா துக்கமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அழுதேன், அது மட்டும் தெரியும். ஹலீமா பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

நீ எனக்கு முதுகைக் காட்டியதாக எழுதியிருக்கிறாய். முதலில் காட்டியது நான். அதை இருவரும் பங்கு போட்டுக்கொள்வோம்.

குஸ்தி பற்றிக் கேட்டாய். உனக்காகத்தான் இன்று சாயந்திரம் போனேன். இப்போது எனக்கு உத்தரவு போடுகிறவர் யாரும் இல்லை. பழைய மைதானத்திலேயே நடக்கிறது, அனுமதி திரும்பி வந்துவிட்டது. துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாலகிருஷ்ணன் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நின்றார், என்னைப் பார்த்ததும் தலையை மட்டும் அசைத்தார். கப்பல் துறை ஆட்கள் ஒருவரும் வரவில்லை. பழைய ஆட்கள்தான், குஸ்தி தெரிந்தவர்கள். ஆறுமுகம் என்று ஒரு புதுப் பையன் இறங்கினான். மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்தான், நேராகப் போய் நாற்காலிக்குச் சலாம் வைத்தான். நல்ல உடம்பு, கால் பிடியில் கெட்டிக்காரன். யாரும் பிரசங்கம் செய்யவில்லை, யாரும் ஜே போடவில்லை. பிடி விழுந்தபோது கை தட்டினார்கள், நழுவியபோது உச்சுக் கொட்டினார்கள். பிப்ரவரி மாதம் நான் உனக்கு எழுதிக் கேட்டேனே, ராஜாங்க விவகாரம் கலக்காத குஸ்தி, அதேதான். ஒரு குறை சொல்ல முடியாது.

யார் ஜெயித்தது என்று எனக்குத் தெரியாது, மாப்பிள்ளை. பாதியிலேயே எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

யாக்கூப்